மூன்று வருஷம் வீட்டில் இரு!

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் ஊரை விட்டுப் புறப்பட்டுப் பழையசீவரத்துக்கு வந்து சேருகிறார். பார்வேட்டை உற்சவம். லக்ஷ்மி நரசிம்மர் கோயில் கொண்டிருக்கும் குன்றின் மேல் ஏறி, மாலையில் ஆற்றைக் கடந்து எதிர்க்கரைத் திருமுக்கூடலுக்குப் போகிறார். பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று கூடுகிற இடம் அது. ஆறுகளில் தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, கூட்டத்துக்குக் குறைவில்லை. செங்கற்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகும் ரயில் பழையசீவரத்தில் நிற்கிறது. புளியோதரை மூட்டையோடும் குழந்தை குட்டிகளோடும் பட்டணத்திலிருந்து போய் வருகிற குடும்பங்கள் எத்தனையோ உண்டு. நேயர்களில் சிலரும் போயிருப்பீர்கள்.

போகிறவர்கள் பெரும்பாலும் திருமுக்கூடலோடு திரும்பி விடுகிறார்கள். அங்கேயே பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு. வேதம் படிக்கும் பிள்ளைகளுக்கு விடுதியும், பதினைந்து படுக்கைகளோடு ஓர் ஆஸ்பத்திரியும் அங்கே நடந்ததைச் சொல்கிறது. நோயாளிகளுக்குப் பணிவிடை செய்ய இரண்டு பெண்களை நியமித்ததும் அதில் உண்டு. அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். இப்போது நான் உங்களை அழைத்துப் போக நினைப்பது இன்னும் சற்றுத் தூரம். சாலவாக்கம் வழியாகப் போனால் உத்திரமேரூர் வந்து விடும். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் ஒரு சட்டம் வெட்டியிருக்கிறது. ஓட்டுப் போடுகிற ஒவ்வொரு பெண்மணியும் அதை அறிந்திருப்பது நல்லது என்று எனக்குப் படுகிறது.

"குடவோலை தானே? பள்ளிக்கூடத்திலேயே படித்து விட்டோமே!" என்பீர்கள். 2020 டிசம்பர் 10-ந் தேதி டில்லியில் புதிய பார்லிமெண்டுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் போட்டபோது, பிரதம மந்திரி நரேந்திர மோடி உத்திரமேரூரைப் பெயர் சொல்லியே பேசினார். பெயர் எல்லோருக்கும் தெரியும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்ததெல்லாம் பானையும் ஓலையும் மட்டும்.

முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சி ஆண்டில், அதாவது 919-ல், உத்தரமேரு சதுர்வேதிமங்கலத்துச் சபையார் கூடி, வாரியங்களுக்கு ஆள் எடுப்பதற்கு ஒரு விதி செய்தார்கள். வாரியம் என்றால் கமிட்டி. இரண்டே வருஷத்தில், 921-ல், மறுபடி கூடி அந்த விதியைத் திருத்தினார்கள். முதல் விதியில் வயது 30-க்கு மேல் 60-க்குள்; இரண்டாவதில் 35-க்கு மேல் 70-க்குள். துஷ்டர்கள் ஒழிந்து மற்றவர்கள் நன்றாக இருப்பதற்காகவே இந்த ஏற்பாடு என்று கல்லிலேயே காரணத்தையும் வெட்டி விட்டார்கள். அந்த இரண்டு வருஷத்தில் யார் என்ன செய்தார்களோ! மனஸ்தாபம் இல்லாமல் இப்படி ஒரு வாசகம் கல்லில் ஏறாது.

வாரியத்துக்கு வருகிறவனுக்கு வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை ஏக்கருக்குச் சற்றுக் கூட என்று வைத்துக் கொள்ளுங்கள். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதம் ஓதி, பிறருக்கும் ஓதுவிக்கத் தெரிய வேண்டும். நல்ல வழியில் தேடிய பொருளும் சுத்தமான மனமும் வேண்டும். இவ்வளவும் இருந்து, இன்னும் ஒன்றும் வேண்டும்: கடந்த மூன்று வருஷத்தில் அவன் எந்த வாரியத்திலும் இருந்திருக்கக் கூடாது.

அம்மணிகளே, இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் நான் சொல்ல வந்தேன். பதவிக் காலம் 360 நாள். அது முடிந்ததும் இறங்கி விட வேண்டும். இறங்கினவன் மூன்று வருஷம் வீட்டில் இருந்தாக வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரனானாலும் சரி. ஊரே கையெடுத்துக் கும்பிட்டாலும் சரி.

எடுக்கும் முறையையும் கேளுங்கள். ஊரில் 30 குடும்பு, அதாவது 30 வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலை நறுக்குகளில் எழுதி, வாயோலை கட்டி, குடத்தில் இடுகிறார்கள். சிறியவர் பெரியவர் உட்பட மகாசபை முழுவதும் கூடுகிறது. ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் மண்டபத்தில் உட்கார வேண்டும். அவர்களில் வயதில் மூத்தவர் குடத்தைத் தூக்கிக் கொண்டு, எல்லோரும் பார்க்கும்படி மேலே நோக்கி நிற்கிறார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக் கூப்பிட்டு ஒரு கட்டை எடுக்கச் சொல்கிறார்கள். அதை அவிழ்த்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, மறுபடி அந்தப் பிள்ளையை விட்டே ஓர் ஓலை எடுக்கிறார்கள். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில்தான் ஏற்க வேண்டும். எதற்கு என்று உங்களுக்குத் தெரியாதா? விரல் இடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருந்தால்! அவன் வாசித்த பிறகு நம்பிமார் அத்தனை பேரும் அதை வாசிக்க வேண்டும். அப்புறந்தான் பெயர் எழுதப்படும்.

குடவோலை சோழர் கண்டுபிடித்ததும் அல்ல. அகநானூற்றின் 77-ஆம் பாட்டிலேயே ஓர் உவமையாக வந்து விடுகிறது. போர்க்களத்துக் கழுகு சம்பந்தப்பட்ட அந்த உவமையைச் சாப்பாட்டு வேளையில் விளக்கச் சொல்லாதீர்கள்.

இப்படி எடுத்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம்; ஊர்க் காரியங்களைப் பொதுவாகக் கவனிக்கிறவர்கள். 12 பேர் தோட்ட வாரியம். ஆறு பேர் ஏரி வாரியம். ஆறு என்று எண்ணி இளைத்து விடாதீர்கள். ஏரி உடைந்தால் ஊரே இல்லை. பொன்னின் மாற்றுப் பார்க்கப் பொன் வாரியத்துக்கும், பஞ்சவார வாரியத்துக்கும் தனியாக மறுபடி குடம் குலுக்கினார்கள்.

மூன்று வருஷ விதியில் ஒரு பெரிய ஆட்சேபம் இருக்கிறது. நேற்று வந்தவன் என்ன கண்டான்? வருஷா வருஷம் புது ஆள் என்றால் காரியம் நடக்குமா? புது மருமகளிடம் முதல் நாளே சாவிக்கொத்தைக் கொடுப்பது போலத்தானே என்று மாமியார்மார் கேட்கலாம். உத்திரமேரூர்ச் சபையார் அதற்கும் வழி செய்திருந்தார்கள். சம்வத்சர வாரியத்துக்கு முதல் தடவை வருகிறவனை எடுப்பதில்லை. முன்பு தோட்ட வாரியத்திலோ ஏரி வாரியத்திலோ இருந்தவர்களாய், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களாய்ப் பார்த்துத்தான் எடுத்தார்கள். முதலில் தோட்டம், ஏரி. பிறகு மூன்று வருஷம் வீட்டுத் திண்ணை. அப்புறம் பெரிய வாரியம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: குடும்புக்கு வருஷம் ஒருவர், இறங்கினவருக்கு மூன்று வருஷ ஓய்வு என்றால், குடும்புக்குக் குறைந்தது நான்கு பேர் தேவை. முப்பது குடும்புக்கு 120 பேர். ஓர் ஊரில் எந்த நேரத்திலும் நிர்வாகம் தெரிந்தவர்கள் நூற்று இருபது பேர் நடமாடுகிறார்கள் என்றால் அது சாமானியமா? எனக்கு இந்தக் கல்வெட்டிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். பானையை விடப் பிடித்தது.

அடுத்தது உறவுக்காரர் விஷயம். வாரியத்தில் இருந்து விட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. அவன் பெயர் மட்டுமல்ல: அவன் தகப்பன், மகன், உடன்பிறந்தான், தகப்பனோடு பிறந்தவர்கள், தாயோடு பிறந்தவர்கள், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மனைவியோடு பிறந்தான், சகோதரியை மணந்தவன், சகோதரி மகன், மகளை மணந்த மாப்பிள்ளை... கல்யாணப் பத்திரிகை அனுப்புவதற்குப் போடுகிற ஜாபிதா மாதிரி நீண்டு கொண்டே போகிறது. இத்தனை பேரில் மனைவி மட்டும் இல்லை. வரவே முடியாதவளைத் தடுப்பானேன்?

ஆம், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். சபையும் நிலம் படைத்த பிராமண ஆடவர்களின் சபை. உழுதவர்களுக்கு அதில் இடமில்லை. பெண்களுக்கு இல்லை. ஓட்டும் இல்லை, குலுக்கல்தான். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே நம்மிடம் ஜனநாயகம் இருந்தது என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. ஆனாலும் பதவியில் ஒட்டிக் கொள்ளும் மனுஷ சுபாவத்தை அந்தச் சபையார் அளந்து வைத்திருந்தது உண்மை. கிரேக்க தேசத்து ஆதன்ஸ் நகரத்திலும் ஐந்நூறு பேர் சபைக்கு ஒரு வருஷம்தான் காலம்; ஆயுளில் இரண்டு தடவைக்கு மேல் கூடாது. சமுத்திரம் தாண்டியும் ஒரே எண்ணம்!

இன்றைக்கு நமது சட்டசபைக்கு வருவோம். எம்.எல்.ஏ. ஆவதற்கு 25 வயது நிரம்ப வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. சபையின் ஆயுள் ஐந்து வருஷம் என்கிறது. ஒருவர் எத்தனை தடவை வரலாம் என்று ஓர் எழுத்துக் கூடக் கிடையாது. மு. கருணாநிதி 1957-ல் குளித்தலையில் தொடங்கி 2016-ல் திருவாரூர் வரை 13 தடவை சட்டசபைத் தேர்தலில் நின்றார். 13 தடவையும் வென்றார். கேரளத்தில் கே.எம். மாணி பாலா தொகுதியிலேயே 13 தடவை ஜெயித்தார். உம்மன் சாண்டி 1970-லிருந்து 2023-ல் காலமாகும் வரை புதுப்பள்ளியின் அங்கத்தினராகவே இருந்தார். பிறகு நடந்த இடைத்தேர்தலில் ஜெயித்தவர் அவருடைய மகன்.

"ஜனங்கள் போட்டார்கள், வந்தார்கள், உங்களுக்கு என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டு ஜனங்கள் வேண்டாம் என்று நினைத்தால் இறக்கவும் தயங்கினதில்லை. 1967-ல் முதல் மந்திரியாயிருந்த பக்தவத்சலம் இந்தக் காஞ்சிபுரம் சீமையிலேயே, ஸ்ரீபெரும்புதூரில், தோற்றார். அதே தேர்தலில் விருதுநகரில் காமராஜ் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். 1996-ல் முதல் மந்திரி ஜெயலலிதாவைப் பர்கூர் திருப்பி அனுப்பியது. காமராஜைப் பற்றி இன்னொன்றும் உண்டு. ஒன்பது வருஷம் முதல் மந்திரியாயிருந்து, யாரும் இறங்கச் சொல்லாதபோதே, 1963 அக்டோபர் 2-ந் தேதி தாமாக நாற்காலியை விட்டு எழுந்தார். அந்த மாதிரி எழுந்தவர்களை எண்ண விரல்கள் போதும். அதிலும் மீதி இருக்கும்.

சட்டம் போட்டே நிறுத்தினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் செய்து பார்த்திருக்கிறார்கள். காலிபோர்னியாவில் வில்லி பிரவுன் என்பவர் 1964-ல் சட்டசபைக்கு வந்து, 1980-லிருந்து பதினைந்து வருஷம் சபாநாயகராக ஆண்டார். 1990-ல் ஜனங்களே வாக்களித்து ஒரு வரம்பு கொண்டு வந்தார்கள்: கீழ்ச் சபையில் ஆறு வருஷம், மேல் சபையில் எட்டு வருஷம், அதற்குமேல் ஆயுளுக்கும் கிடையாது. அதே வருஷம் ஓக்லஹாமாவும் கொலராடோவும் சேர்ந்து கொண்டன. இருபத்தோரு மாகாணங்கள் வரை பரவி, சிலவற்றைக் கோர்ட்டுகள் செல்லாதென்றன. சிலவற்றைச் சட்டசபைகளே ரத்துச் செய்தன. 2022-ல் வடக்கு டக்கோட்டா புதிதாகச் சேர்ந்ததோடு 16 மாகாணங்களில் இப்படி வரம்பு இருக்கிறது.

பலன்? பழம் பெருச்சாளிகள் வெளியே போனார்கள். ஆனால் அதிகாரம் புதிய அங்கத்தினர்களிடம் வந்து சேரவில்லை. சபையில் வேலை கற்றுக் கொள்வதற்குள் வீட்டுக்குப் போகும் நாள் வந்து விடுகிறதே! விஷயம் தெரிந்தவர்கள் என்று மிஞ்சினது கவர்னரும், சம்பளத்துக்கு இருக்கும் அதிகாரிகளும், கம்பெனிகளுக்காகச் சிபாரிசுக்கு நடக்கும் ஆசாமிகளும். அவர்களுக்கு மட்டும் வரம்பு கிடையாது. ஆராய்ந்தவர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். காலிபோர்னியாவே 2012-ல் விதியைத் தளர்த்தி, இரண்டு சபையும் சேர்த்து 12 வருஷம், அதை ஒரே சபையில் கழித்தாலும் சரி என்று மாற்றிக் கொண்டது.

பிலிப்பைன்ஸ் கதை இன்னும் வேடிக்கை. 1987 அரசியல் சட்டப்படி கீழ்ச் சபை அங்கத்தினர் தொடர்ந்து மூன்று தடவைக்கு மேல் இருக்கக் கூடாது. மூன்று தடவை முடிந்ததும் புருஷன் இறங்குவார், மனைவி நிற்பாள். அவளுக்கு அப்புறம் பிள்ளை. நாற்காலி வீட்டை விட்டு நகருவதேயில்லை. குடும்ப ஆட்சியைத் தடுக்க வேண்டும் என்று அதே அரசியல் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. எப்படி என்பதைப் பிறகு சட்டம் செய்து கொள்ளலாம் என்று விட்டு விட்டார்கள். குடும்பங்களே நிறைந்த சபை அந்தச் சட்டத்தை எப்போது செய்யும்? உத்திரமேரூரில் அத்தை மகன் வரைக்கும் எண்ணியது சும்மா இல்லை.

எனக்கு இதில் ஓர் அபிப்பிராயம் உண்டு. ஆயுள் தடை வேண்டாம். இரண்டு தடவை தொடர்ந்து இருந்தவர் ஒரு தடவை ஓய்ந்திருக்கட்டும். ஓய்ந்திருக்கும்போது தொகுதியில் சாதாரணப் பிரஜையாக ரேஷன் கடைக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடந்து பார்க்கட்டும். திரும்பி வரும்போது, இருந்த காலத்துக்குக் கணக்குக் காட்டி விட்டு வரட்டும். இதற்கு அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும்; திருத்த வேண்டியவர்கள் யார் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஆனால் பெண்கள் விஷயத்தில் இந்த அபிப்பிராயம் கொஞ்சம் ஆடிப் போகிறது. 2021-ல் நமது சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 234 பேரில் பெண்கள் 12 பேர். பழையவர்கள் நகர்ந்தால் பெண்களுக்கு வழி பிறக்கும் என்றுதான் முதலில் தோன்றும். அமெரிக்காவிலும் அப்படித்தான் நம்பினார்கள். 1998, 2000 தேர்தல்களில் வரம்பினால் வெளியேறிய பெண்களின் இடங்களில் பலவற்றுக்கு ஆண்களே வந்து சேர்ந்தார்கள். கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதவில்லை. வாசற்படியில் யார் நிற்கிறார்கள் என்பதும் இருக்கிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நினைத்துப் பாருங்கள். 1927-ல் சென்னைச் சட்டசபையில் உட்கார்ந்து துணைத் தலைவராகவும் ஆனார். காந்தியடிகள் கைதானதும் 1930-ல் ராஜிநாமாச் செய்தார். மூன்றே வருஷம். அதற்குள் தேவதாசி முறையை ஒழிக்கும் போராட்டத்தைச் சபைக்குள் கொண்டு வந்து விட்டார். மூன்று வருஷம் போதும் என்பதற்கு இவரைச் சொல்லலாம். ஆனால் பொட்டுக் கட்டுவதை முழுக்கத் தடுத்த சட்டம் 1947-ல்தான் வந்தது. அவர் சபையிலேயே தொடர்ந்து இருந்திருந்தால் இன்னும் முன்பே வந்திருக்குமோ என்றும் கேட்கத் தோன்றுகிறது.

இன்றைக்கு நம் ஊர்களில் பதவிக்கு வரம்பு மாதிரி ஒன்று நிஜமாகவே இருப்பது பஞ்சாயத்தில். அது தாக்குவது பெண்களை. 1996 தேர்தலிலிருந்து ஸ்தல ஸ்தாபனங்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கினார்கள். 2016-ல் அதைப் பாதியாக உயர்த்தினார்கள். ஒதுக்கீடு ஓரிடத்திலேயே நிற்பதில்லை. இரண்டு தேர்தலுக்கு, அதாவது பத்து வருஷத்துக்கு ஒரு தடவை, அது ஊர் மாறிப் போகிறது. முதல் இரண்டு வருஷம் புருஷனே கூட்டத்துக்குப் போய் உட்கார, மூன்றாவது வருஷம் "நானே வருகிறேன்" என்று எழுந்த பெண், தண்ணீர்த் தொட்டிக்கு எஸ்டிமேட் எப்படிப் போடுவது, கலெக்டர் ஆபீசில் யாரிடம் மனுக் கொடுப்பது என்றெல்லாம் கற்றுத் தேர்ந்த பெண், அவள் ஊர் பொது ஊராகி விட்டால், "இனிமேல் உனக்கு என்னம்மா வேலை?" என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். பொது இடத்தில் பெண் நிற்கக் கூடாது என்று சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. சொல்வது ஊர், அதற்கு முன்னால் வீடு.

2023-ல் நிறைவேறிய 106-வது அரசியல் சட்டத் திருத்தம், லோக்சபையிலும் சட்டசபைகளிலும் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்குகிறது. ஜனத்தொகைக் கணக்கெடுத்து, தொகுதிகளை மறுபடி வரையறுத்த பிறகே அமலாகும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஒவ்வொரு மறுவரையறையின்போதும் பெண்கள் தொகுதி இடம் மாறும் என்றும் எழுதியிருக்கிறது. தோட்ட வாரியத்தில் கற்றவனைச் சம்வத்சர வாரியத்துக்கு அழைத்தார்களே, அப்படிப் பஞ்சாயத்தில் பத்து வருஷம் இருந்து கற்ற பெண்ணைச் சட்டசபைக்கு அழைக்க எந்தக் கட்சியிலாவது ஏற்பாடு இருக்கிறதா? உங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேட்டு, என்ன பதில் வந்தது என்று எங்களுக்கு ஒரு கார்டு போடுங்கள்.